பொரித்த முதலைக்கறி போபாய்: கத்தி வேலை அதிகம், அடுப்பு வேலை கொஞ்சம்

முதலைக்கறி மென்றாலும் தீராது, ரப்பர்தான் என்று சொல்பவர்களிடம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றுலா போன இடத்தில், பிளாஸ்டிக் கூடையில் காகிதம் விரித்துக் கொடுத்த பொரித்த துண்டுகளாகத்தான் இருக்கும். அந்தத் துண்டுகள் ரப்பராகவே இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முதலை என்ன செய்யும்? வெட்டியவர் நாரைப் பார்க்காமல் வெட்டியிருப்பார், ஜவ்வை எடுத்திருக்க மாட்டார், பொரித்தவர் எண்ணெயில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். லூசியானாவில், பேட்டன் ரூஜ் பக்கம் குடியிருப்பதால் எங்களுக்குக் கேட்டர் கறி, அதாவது அலிகேட்டர் என்ற அமெரிக்க முதலையின் கறி, உறைந்த மீன் இருக்கும் பெட்டியிலேயே கிடைக்கிற பொருள். அதை வாங்கி வந்து சுத்தம் செய்து, போபாய் என்ற நியூ ஆர்லியன்ஸ் பாணி நீள சாண்ட்விச்சுக்கான ரொட்டியில் வைத்து வீட்டில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான்கு பேருக்கான அளவு.

கறி வாங்குவது

கடையில் பெரும்பாலும் மூன்று விதமாகக் கிடைக்கும்: வால் சதை, கால் மற்றும் உடல் சதை, அப்புறம் எல்லாவற்றையும் கலந்து துண்டு போட்ட பாக்கெட். பொரிப்பதற்கு வால்தான். நிறம் வெள்ளை, அங்கங்கே லேசான இளஞ்சிவப்பு. கன்னச் சதை அதைவிட மிருது என்பார்கள், ஆனால் எல்லாக் கடையிலும் வைப்பதில்லை. உடல், கால் சதை நிறம் கூடியது, நாரும் அதிகம். அது தக்காளியும் மிளகாயும் போட்டு நிதானமாகக் கொதிக்கவிடும் ‘சாஸ் பிகாண்ட்’ என்ற குழம்புக்குத்தான் சரி. கலந்த பாக்கெட் விலை குறைவு என்று கை போகும். வேண்டாம். ஏற்கெனவே கட்டம் கட்டமாக வெட்டியிருப்பார்கள். எந்தத் துண்டில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும்.

நான் எடுத்தது வால் சதை மட்டும் என்று எழுதியிருந்த பாக்கெட், 2 பவுண்டு, அதாவது 900 கிராம் அளவு. பவுண்டு 15 டாலருக்கு மேல். கோழியோடு ஒப்பிட்டால் அநியாய விலைதான். முதலையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் முதலில் தோலுக்காக, கறி அதோடு கூட வருவது. கூட வருவதற்கே இந்த விலையா என்று வாங்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு வரும்.

அழிந்துவருகிற உயிரினம் ஆயிற்றே, இதைச் சாப்பிடலாமா என்று ஊரிலிருந்து போனில் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த நிலைமைதான். தோலுக்காகக் கண்டபடி வேட்டையாடி, 1962ல் லூசியானா மாநிலமே வேட்டையை நிறுத்த வேண்டியதாயிற்று. 1967ல் அமெரிக்க அரசு அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. பிறகு எண்ணிக்கை ஏறியது. 1972ல் கேமரன் பாரிஷ் என்ற மாவட்டத்தில் மட்டும் வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள், 1981ல் மாநிலம் முழுக்க. 1987ல் அந்தப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இன்றைக்கு இந்த மாநிலத்துச் சதுப்பு நிலங்களில் இருப்பவை மட்டும் 20 லட்சம் அளவில் இருக்கும் என்பது மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறையின் கணக்கு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் முட்டைக் கணக்கு. கரையோரச் சதுப்பு நிலம் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் அந்த நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்து முட்டை எடுத்து, குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். வளர்ந்தவற்றில் ஒரு பங்கைத் திரும்பச் சதுப்பில் விட்டாக வேண்டும். முட்டை காசாவதால் நிலத்தைத் தூர்க்காமல் வைத்திருக்க நிலக்காரருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பிடிக்கும் ஒவ்வொரு முதலைக்கும் எண் போட்ட பட்டை உண்டு. பட்டை இல்லாத முதலையை விற்க முடியாது.

அதே 1972ல்தான் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்மூர் முதலைகள் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் ஊரில் இருந்து படிப்பவர்கள் இதையே கெளுத்தி மீனில் செய்துகொள்ளுங்கள். கெளுத்தி போபாய் இங்கேயும் எல்லாக் கடையிலும் உண்டு, அதற்கு இந்த அளவு கத்தி வேலையும் கிடையாது. இங்கிருந்து ஒரு பாக்கெட்டைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோகலாமே என்ற யோசனையும் வேண்டாம். நாடு விட்டு நாடு போக முதலைக்கறிக்கு அனுமதிக் காகிதம் வேண்டும்.

கத்தி வேலை

உறைந்த பாக்கெட்டை ஆழமான ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி விட்டால் இளகிவிடும். சமையல் மேடையில் வைத்து இளக வைக்காதீர்கள். ஊர்வன இனத்தின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருப்பது சாதாரணம். இந்தக் கறிக்கென்று ஒரு பலகை, ஒரு கத்தி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது, கோழிக்குச் செய்கிற அதே ஜாக்கிரதை.

முழுக்க இளகிய கறி கைக்குள் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். அதனால் வெட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் மறுபடி உறைபெட்டியில் வைத்தேன். வெளிப்புறம் கொஞ்சம் விறைத்து, நடுவில் மெத்தென்று இருக்கும் பதம்தான் கத்திக்கு வசதி.

வால் சதை நீள உருளைகளாக வரும். ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மேலே ஒரு ஜவ்வு மினுங்கும். உருளைகள் ஒட்டியிருக்கும் இடுக்கில் வெளிர் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும். ஒரு துணுக்கைக் கிள்ளி விரலில் தேய்த்து மோந்து பாருங்கள்: சேற்று வாடை, அதோடு மீன் எண்ணெய் வாடை. முதலைக்கறி நாறும் என்று சொல்கிறார்களே, அந்த நாற்றம் சதையில் இல்லை, இதில்தான் இருக்கிறது. ஆட்டுக்கறி வாங்கும்போது கொஞ்சம் கொழுப்போடு போடுங்கள் பாய் என்று கேட்டே பழகிய எனக்கு, ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுப்பது முதலில் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் இதை விட்டால் எண்ணெய், மாவு, சாஸ் எல்லாமே வீண். உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தாலும் கொழுப்பை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அது குளிரிலும் சிக்குப் பிடிக்கும்.

ஜவ்வுக்கு ஒரு முறை இருக்கிறது. மெல்லிய, வளைகிற கத்தியின் முனையை ஜவ்வுக்கு அடியில் ஒரு ஓரத்தில் செருகி, ஒரு விரல் அகலத்துக்குக் கிளப்பிவிட வேண்டும். அந்த நுனியைக் காகிதத் துண்டால் பிடித்தால் வழுக்காது. பிறகு கத்தியின் கூர் ஜவ்வின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க, கத்தியை அதிகம் நகர்த்தாமல் ஜவ்வை இழுத்தால் பட்டையாக உரிந்து வரும். கூர் சதையின் பக்கம் சாய்ந்தால் 15 டாலர் கறி ஜவ்வோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகும். உருளையை விரலால் பிரித்து நடுவிலும் பார்க்க வேண்டும். மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு கொழுப்புக் கோடு நீளமாக ஓடும்.

குப்பைக் கிண்ணம் நிறைவதைப் பார்த்துவிட்டு மனைவி, “ஏங்க, பாதியை வெட்டிப் போட்டுட்டீங்க போலிருக்கே” என்றாள். பாதியெல்லாம் இல்லை. 900 கிராமில் 700 மிஞ்சியது.

இப்போது நார். உருளையின் நீளத்துக்கே நார் ஓடுகிறது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் தள்ளித் தள்ளி உழைத்த சதை, அதில் ஒவ்வொரு நாரும் நீளம், கெட்டி. அதற்குக் குறுக்கே வெட்டினால் நார் சின்னச் சின்னதாக நறுங்கிவிடும், பல்லுக்கு வேலை குறையும். கட்டம் கட்டமாக வெட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு அங்குல நார் முழுசாக உட்கார்ந்திருக்கும். கூடையில் வரும் அந்த ரப்பர் துண்டின் ரகசியம் இவ்வளவுதான். நான் முக்கால் சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டினேன். பிறகு இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, சப்பாத்திக் கட்டையின் முனையால் தட்டி அரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். ஓங்கி அடிக்க வேண்டாம், ஓரம் கிழிந்து மாவில் உதிரும். தட்டத் தட்ட வில்லை விரிந்து, நார்கள் கொஞ்சம் விலகுவது கைக்கே தெரியும்.

பப்பாளிக்காய் தடவினால் என்ன என்று தோன்றும். வாலுக்குத் தேவையில்லை. இவ்வளவு மெல்லிய வில்லையில் பப்பாளி வேலை செய்தால் மேல்பக்கம் கூழாகிவிடும், மாவு பிடிக்காது.

ஊறல், மாவு, எண்ணெய்

ஊறவைக்க இரண்டு கோப்பை மோர். இங்கே அட்டைப் பெட்டியில் வரும் மோர் தண்ணீர் ஊற்றாத நம்மூர்க் கெட்டி மோர் பதத்தில் இருக்கும், புளிப்பும் சரியாக இருக்கும். அதில் ஒரு முட்டை, ஒரு கரண்டி மஞ்சள் கடுகு விழுது, லூசியானா மிளகாய் சாஸ் ஒரு கரண்டி, உப்பு, பூண்டுத்தூள். கடுகு விழுது இங்கே மீன் பொரிப்பவர்கள் கைப்பழக்கம். பொரித்தபின் கடுகு வாசனை தெரியாது, மாவு மட்டும் நன்றாக ஒட்டும். மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறியது.

மசாலா விஷயத்தில் கை அரிக்கும். இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, கறிவேப்பிலை என்று ஆரம்பித்தால் நன்றாகத்தான் வரும், ஆனால் சிக்கன் 65 ஆக வரும். சிக்கன் 65க்கு ஏன் இந்த விலை கொடுத்துக் கறி வாங்க வேண்டும்? இந்தக் கறியின் சுவை மென்மையானது, அதை மூடிவிடக் கூடாது. அதனால் லூசியானாக்காரர்களின் கேஜன் மசாலாவோடு நிறுத்திக்கொண்டேன்: மிளகாய்த்தூள், மிளகு, பாப்ரிகா, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், காய்ந்த தைம். டோனி சாஷரீஸ் மாதிரி கடை மசாலா வாங்கினால் அதில் முதல் பொருளே உப்புதான், மாவில் தனியாக உப்புப் போடாதீர்கள்.

மாவுக்குப் பொடியாக அரைத்த மக்காச்சோள மாவு ஒன்றரைக் கோப்பை, கரகரப்பான மக்காச்சோள ரவை அரைக் கோப்பை, மைதா அரைக் கோப்பை. ரவை மட்டும் போட்டால் பல்லில் மணல் தட்டும், மாவு மட்டும் போட்டால் மொறுமொறுப்பு சீக்கிரம் அடங்கிவிடும். மோரிலிருந்து எடுத்த வில்லையை உதறி, மாவில் புரட்டி, உள்ளங்கையால் ஒரு அழுத்து. எல்லாவற்றையும் கம்பித் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் சும்மா விட வேண்டும். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு நிறம் மங்கும். அதன்பிறகு போட்டால் எண்ணெயில் உதிர்வது வெகுவாகக் குறைகிறது.

எண்ணெய் சுத்திகரித்த கடலை எண்ணெய். இந்தியக் கடையில் செக்கு எண்ணெய் கிடைக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள், இந்தச் சூட்டில் அது புகைய ஆரம்பித்துவிடும். கனமான இரும்புச் சட்டியில் மூன்று அங்குலம் ஊற்றி, 360 டிகிரி பாரன்ஹீட், அதாவது 182 செல்சியஸ் வரை ஏற்றினேன். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. கறி விழுந்ததும் சூடு 20 டிகிரி சட்டென்று இறங்கும். அடுப்பைக் கூட்டி 350க்குக் கொண்டுவந்து அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு வில்லைக்கு மேல் போடக் கூடாது. சூடு விழுந்தால் மாவு எண்ணெய் குடிக்கும், அதை ஈடுகட்ட நேரத்தைக் கூட்டுவோம், கறி கெட்டியாகும். எல்லாம் ஒன்றோடொன்று கோத்த விஷயம்.

போட்டதும் சடசடவென்று சத்தமும் பெரிய குமிழிகளும் வரும். ஒன்றரை நிமிடத்தில் ஒரு திருப்பு. இரண்டு நிமிடம் தாண்டும்போது குமிழி சின்னதாகி, சத்தம் மெலிந்து, வில்லைகள் மேலே மிதந்து வரும். அப்போதே எடுத்துவிட வேண்டும். தடிமனான ஒரு வில்லையில் ஊசி வெப்பமானியைப் பக்கவாட்டில் குத்திப் பார்த்தேன், 168 பாரன்ஹீட். 165 தாண்டினால் பயமில்லை. அதற்குமேல் போகிற ஒவ்வொரு அரை நிமிடமும் மெல்லுவதற்கு நாம் கொடுக்கும் விலை. எடுத்ததைக் காகிதத்தில் கொட்டாமல் கம்பித் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் நமுக்காது.

ரொட்டியில் தடவும் ரெமுலாட் சாஸைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மயோனைஸ் ஒரு கோப்பை, முழுக் கடுகு தெரியும் கிரியோல் கடுகு விழுது இரண்டு கரண்டி, பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய், வெங்காயத்தாள், பூண்டு, பாப்ரிகா, எலுமிச்சைச் சாறு, வூஸ்டர் சாஸ் சில துளி, துருவிய ஹார்ஸ்ராடிஷ் கிழங்கு ஒரு சிட்டிகை. கலந்து ஒரு மணி நேரம் குளிரில் வைத்தால் போதும்.

ரொட்டி

இதில் சமரசம் செய்தால் சாண்ட்விச் கிடைக்கும், போபாய் கிடைக்காது. 1929ல் நியூ ஆர்லியன்ஸில் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாள் டிராம் ஊழியர்களான பென்னி, குளோவிஸ் மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் வேலைநிறுத்தக்காரர்களுக்கு இலவசமாக சாண்ட்விச் கொடுத்தார்கள். ‘புவர் பாய்’, அதாவது ஏழைப் பையன், என்பதிலிருந்து வந்த இந்த உணவின் பெயரை அந்தக் கதையோடுதான் ஊரில் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் கூம்பும் வழக்கமான ரொட்டியில் நுனித்துண்டு வீணாகிறது என்று, முனை முதல் முனை வரை ஒரே அகலத்தில் நீள ரொட்டியை அவர்களுக்குச் செய்துகொடுத்தவர் ஜான் ஜெண்டூசா என்ற பேக்கரிக்காரர்.

அந்த ஊர் ரொட்டி, பகெட் என்ற கெட்டி மேலோட்டுப் பாரிஸ் நீள ரொட்டி இல்லை. மேலோடு மெல்லிசு, தொட்டால் நொறுங்கும். உள்ளே வெறும் காற்று, அழுத்தினால் படிந்துபோகும். பொரித்த பொருளை வைத்துக் கடிக்கும்போது ரொட்டி எதிர்த்து நிற்கக் கூடாது. பகெட்டில் வைத்தால் நாம் கடிப்பதற்குள் வில்லைகள் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். 1896லிருந்து இயங்கும் லைடன்ஹைமர் பேக்கரியின் ரொட்டிதான் நியூ ஆர்லியன்ஸில் பல கடைகளுக்குப் போகிறது. எனக்கு அதைவிடக் கிழக்கு நியூ ஆர்லியன்ஸில் உள்ள டோங் ஃபுவோங் பேக்கரி ரொட்டி மேல் ஒரு சாய்வு. வியட்நாம் குடும்பம் நடத்துவது, பான் மி என்ற வியட்நாமிய சாண்ட்விச் ரொட்டிக்குப் பெயர்போனது, போபாய் கடைகளும் அங்கே வாங்குகின்றன. அது கைக்குக் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் பக்கத்து வியட்நாமியக் கடையில் பான் மி ரொட்டி வாங்குங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது.

ரொட்டியைப் பக்கவாட்டில் கீறி, முழுக்க வெட்டிப் பிரிக்காமல் கீல் விட்டு, 350 டிகிரி பாரன்ஹீட் ஓவனில் ஐந்து நிமிடம். இரண்டு பக்கமும் ரெமுலாட், கீழே நீளமாக நறுக்கிய ஐஸ்பெர்க் கீரை, மெல்லிய தக்காளி, வெள்ளரி ஊறுகாய், மேலே சூடான வில்லைகள், அதன்மேல் மிளகாய் சாஸ் நாலு சொட்டு. தக்காளியை வெட்டியதும் உப்புத் தூவிக் காகிதத்தில் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் ரொட்டி ஊறிவிடும்.

முதல் கடியில் கோழி நெஞ்சுக்கறி ஞாபகம் வரும். மெல்ல மெல்லக் கொஞ்சம் இனிப்பும் கடைசியில் மெலிதாக மீன் சாயலும். வாடை துளியும் இல்லை. மென்மை எப்படி என்றால், முன்பல்லால் கடித்து இழுத்தபோது வில்லை முழுசாகக் கூட வராமல் கடித்த இடத்தில் அறுந்தது. எனக்கு அது போதும். சாப்பிட வந்த நண்பர், “மச்சான், சொல்லாம கொடுத்திருந்தா வஞ்சிரம்னே நினைச்சிருப்பேன்” என்றார். வஞ்சிரம் என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மீன் பக்கம் அவர் சாய்ந்ததில் தப்பில்லை. 2010ல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரெகரி ஏமண்டே, கத்தோலிக்கர்கள் கறி தவிர்த்து மீன் மட்டும் சாப்பிடும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முதலைக்கறி சாப்பிடலாம், அது மீன் வகையில் சேர்த்தி என்று எழுத்திலேயே பதில் கொடுத்திருக்கிறார்.

சமைக்கும்போதே மனைவிக்கு இருந்த கவலை வேறு: “இந்த எண்ணெயில இனி அப்பளம் பொரிக்க முடியாதே?” ஆறியபின் மெல்லிய துணியில் வடிகட்டினேன், அடியில் கறுத்த ரவைத்தூள் நிறைய நின்றது. அடுத்த நாள் கொஞ்சம் ஊற்றி அப்பளம் பொரித்துப் பார்த்தாள். மக்காச்சோள வாசனை லேசாக இருந்தது, சேற்று வாடை இல்லை. மோர் ஊறலில் மிஞ்சியதைக் கீழே கொட்டிவிட வேண்டும், அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. பொரித்த வில்லைகள் மிச்சமானால் ஏர் ஃபிரையரில் 375 டிகிரி பாரன்ஹீட்டில் மூன்று நிமிடம். மைக்ரோவேவில் வைத்தால் மறுபடி ரப்பர்தான். ஜவ்வு எடுக்க முடியாத வால் நுனித் துண்டுகள் ஒரு கைப்பிடி உறைபெட்டியில் இருக்கின்றன. அடுத்த தடவை கால் சதை வாங்கும்போது அதோடு சேர்த்து சாஸ் பிகாண்டில் போட்டுவிடுவேன், அதற்கு வேண்டுமானால் பப்பாளிக்காய் தடவலாம்.